நீரிழிவும் அதன் கூட்டாளிகளும்

காலையில் 90; நடுப்பகலில் 290; இரவில் 180; மறுநாள் விடியுமுன் வியர்த்து நடுங்கி எழுந்து பார்த்தால் 58. அதே கஞ்சி, அதே மாத்திரை, அதே வேலை. இவ்வாறு இரத்தச் சர்க்கரை ஏறியும் இறங்கியும் ஆட்டங்காட்டும்பொழுது நம் இல்லங்களில் முதற்கண் எழும் கேள்வி ஒன்றே: “மறைவாக என்ன தின்றீர்கள்?” மருமகள் மாமியாரைச் சந்தேகிக்கிறாள், மகன் தந்தையின் சட்டைப்பையில் மிட்டாய்க் காகிதம் தேடுகிறான். நோயாளியோ, தின்னாத லட்டுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வாய்மூடிப் போகிறார். நாவின்மீது சுமத்தப்படும் இக்குற்றம் பல வேளைகளில் பொய்க்குற்றம் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரிழிவு தனித்து வருவது அருமை. நடுவயது கடந்தவர்களிடம் அது இரத்த அழுத்தத்தையோ, சிறுநீரகத் தளர்ச்சியையோ, இரத்த சோகையையோ, மூச்சுத் திணறலையோ கூட்டாளியாகக் கொண்டே குடிபுகுகின்றது. அக்கூட்டாளிகளும், அவற்றிற்காக நாம் உட்கொள்ளும் மருந்துகளும் சர்க்கரையைத் தம் இஷ்டம்போல் ஏற்றவும் இறக்கவும் வல்லன. அவற்றைக் கவனியாது சர்க்கரை எண்ணை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும், கைகாட்டியைப் பாராமல் வண்டியை ஓட்டுவதற்கு ஒப்பாகும். நான் வைத்தியன் அல்லேன். ரயில்வேயில் பதிவேடு எழுதும் குமாஸ்தா. ஆயினும் உறவினர் பலரை ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துச் சென்று, டாக்டர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, கிடைத்த நூல்களையும் படித்தவன் என்ற உரிமையில் இதனை எழுதுகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்த பேராய்வு ஒன்றின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடையவர்கள் என்றும், வயது வந்தோருள் நூற்றுக்கு 11 பேருக்குச் சற்று மேல் இந்நோய் உண்டு என்றும் அது கணக்கிட்டது. கேரளத்தில் மட்டும் நூற்றுக்கு 25 பேர்! பாலக்காட்டுக் கணவாயின் வழியே வந்தவர்களும், போடிமெட்டும் குமுளியும் ஏறித் தேயிலைக்கும் ஏலத்துக்கும் வந்தவர்களுமான நம் மக்கள் இக்கணக்கிற்குப் புறம்பானவர்கள் அல்லர்.

நம்மவர்களுக்கு மொழியாலும் ஒரு சங்கடம் உண்டு. மலையாளத்தில் நீரிழிவுக்குப் ‘பிரமேகம்’ என்று பெயர். தமிழிலோ ‘மேகநோய்’ என்றால் முறைகேடான ஒழுக்கத்தால் வரும் நோய் என்றே பழைய தலைமுறையினர் பொருள் கொள்வர். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாள் “பிரமேகம் உண்டோ?” என்று கேட்டதும், “சீச்சீ, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை” என்று பதறி மறுத்த மூதாட்டியர் உண்டு. நாம் ‘சர்க்கரை’ என்றாலோ மலையாளிக்கு அது வெல்லம். மறையூர் வெல்லத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவர் நினைத்தாலும் வியப்பில்லை! ஆதலால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ‘ஷுகர்’ என்று சொல்லிவிடுவது உத்தமம். அச்சொல் கணவாயின் இருபுறமும் செல்லும்.

இனிச் சர்க்கரை ஏன் ஆடுகிறது என்று காண்போம். நலமுள்ள உடலில் இரத்தச் சர்க்கரை ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்பதற்குக் காரணம், எதிரெதிராக இழுக்கும் இரு தரப்புச் சுரப்புகள். கணையம் எனப்படும் வயிற்றுறுப்பு சுரக்கும் இன்சுலின் சர்க்கரையை இறக்குகிறது. அதே கணையம் சுரக்கும் குளூக்ககானும், வேறு சுரப்பிகளிலிருந்து வரும் அட்ரினலின், கார்ட்டிசால் முதலியனவும் ஏற்றுகின்றன. கல்லீரல், சர்க்கரையைச் சேமித்து வைத்து வேண்டும்பொழுது வெளியிடும் களஞ்சியம். சிறுநீரகமும் சும்மா இருப்பதன்று. பட்டினி வேளையில் அது ஓரளவு சர்க்கரையை ஆக்கித் தருவதோடு, வேலை முடிந்த இன்சுலினை அழித்து அகற்றுவதிலும் பங்கு கொள்கிறது. இவற்றுள் ஒன்று பழுதானாலும் ஏற்றமும் இறக்கமும் கணக்கில் அடங்கா.

கணையமே பழுதாகும் நோய் ஒன்று உலக மருத்துவ நூல்களில் கேரளத்தின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றது. கணையக் குழாயினுள் சுண்ணாம்புக் கற்கள் உண்டாகி, சீரண நீரைச் சுரக்கும் பகுதியும் இன்சுலின் சுரக்கும் பகுதியும் ஒருங்கே சிதைவதே அந்நோய். 1950-களில் இந்தோனேசியாவில் சூய்டெமா என்ற மருத்துவர் இதனை விவரித்தார். கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் என்ற மருத்துவர், கணையத்தில் கல்லும் இரத்தத்தில் சர்க்கரையும் சேர்ந்து காணப்படும் நோயாளிகளைப் பெருந்தொகையாகக் கண்டு 1962-இல் எழுதினார். 1968-இல் இதற்கென்றே ஒரு தனி நூலும் வெளியிட்டார். அவர் கண்டவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள், இளைஞர்கள், எலும்பும் தோலுமாய் இருந்தவர்கள். சிறு வயதில் வயிற்றுவலி, வாலிபத்தில் நீரிழிவு, வாழவேண்டிய வயதில் மரணம் என்பதே அந்நாளில் அவர்கள் பலருடைய சரித்திரம்.

காரணம் தேடியவர்களின் கண்ணில் முதலில் பட்டது மரவள்ளிக் கிழங்கு. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சம் தீர்க்கும் பயிரென்று மரவள்ளியைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் அது ஏழையின் சோறாகவே ஆயிற்று. இடுக்கி மலைகளில் குடியேறிக் காடு திருத்தியவர்களுக்குக் கப்பையும் மீனுமே அன்றாட ஆகாரம். கிழங்கில் சயனைடு நஞ்சு தரும் பொருள் இருத்தலால் அதுவே கணையத்தைக் கெடுத்திருக்கும் என்று 1970-களில் வலுவாகக் கருதப்பட்டது. ஆனால் மரவள்ளியையே உண்டு வாழும் ஆப்பிரிக்க நாட்டார் பலரிடம் இந்நோய் அவ்வளவாக இல்லை. மரவள்ளி தின்னாத ஊர்களிலும் இந்நோய் உண்டு. 2002-ஆம் ஆண்டையொட்டி, இந்நோயாளிகள் பலருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணுவில் மாறுதல் உண்டென்று கண்டுபிடித்தனர். ஆகவே கிழங்கின்மேல் இருந்த பழி முற்றும் நீங்காவிடினும் மிகவும் தளர்ந்துவிட்டது. (நன்றாக வேகவைத்து நீரை வடித்து உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அது சர்க்கரையை விரைந்து ஏற்றும் மாவுப்பொருள் என்பதை மறக்கலாகாது.)

இந்நோயில் சர்க்கரை ஏன் இப்படித் துள்ளுகிறது? இன்சுலினோடு, சர்க்கரை தாழும்பொழுது தாங்கிப் பிடிக்கும் குளூக்ககானும் அதே கணையத்தில் குறைந்து போகின்றமையால்தான். ஏற்றத்திற்கும் தடையில்லை, இறக்கத்திற்கும் தடையில்லை. மேலும் சீரண நீர் போதாமையால் உண்ட உணவில் ஒரு பகுதி சேராமலே கழிந்துபோகிறது. இன்று சேர்ந்தது நாளை சேராது; ஆனால் இன்சுலின் அளவோ இரு நாளும் ஒன்றுதான். சீரணத்திற்கான என்சைம் மாத்திரைகளை டாக்டர் கொடுக்கத் தொடங்கியதும் உணவு நன்றாகச் சேர்ந்து உடம்பு தேறும். கூடவே சர்க்கரையும் ஏறும். அதைக் கண்டு அம்மருந்தை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நிறுத்த வேண்டுவதன்று, அதற்கேற்ப இன்சுலினைத் திருத்த வேண்டுவதே முறை.

ஊட்டம் மிகுந்த இக்காலத்தில் இந்நோய் குறைந்து வருகிறது என்பர், எனினும் மறையவில்லை. மெலிந்த தேகமுடைய இளைஞன் ஒருவனுக்குச் சர்க்கரை கண்டால், “சிறு வயது முதல் வயிற்றுவலி உண்டா? மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா?” என்ற இரு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். உண்டு என்றால் வயிற்றை ஓர் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துப் பார்க்கும்படி டாக்டரிடம் நாமே நினைவூட்டலாம். தோட்டத்து லயங்களில் ‘குடல்வலி’ என்று சோடாவும் பெருங்காயமும் கொடுத்துக் காலங்கழிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

அடுத்தது சிறுநீரகம். இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் இங்கே கெட்ட செய்தி நல்ல செய்தியின் வேடத்தில் வருகிறது.

வேலந்தாவளத்தில் என் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவு; கிளிபென்கிளமைடு என்னும் மாத்திரை உட்கொண்டு வந்தார். சில மாதங்களாகச் சர்க்கரை தானாகவே குறைந்து வந்தது. 220 இருந்தது 150 ஆயிற்று. 150 இருந்தது 100 ஆயிற்று. வீட்டில் ஒரே மகிழ்ச்சி. நாள்தோறும் குடித்த பாகற்காய்ச் சாற்றின் மகிமை என்று அண்டைவீட்டாரும் அதைக் குடிக்கத் தொடங்கினர். ஒரு நாள் மாலையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தவர் பேச்சுக் குழறி, பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் விழித்தார். பக்கவாதம் என்று அஞ்சித் தூக்கிச் சென்றோம். சர்க்கரை 38. குளூக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்து, “ஏன் எல்லாரும் இங்கே வந்தீர்கள்?” என்று கேட்டார். நள்ளிரவில் மீண்டும் 50-க்கு இறங்கியது. இரத்தச் சோதனையில்தான் உண்மை வெளிப்பட்டது. சிறுநீரகம் பாதிக்குமேல் தளர்ந்து, மாத்திரையையும் இன்சுலினையும் கழிக்க மாட்டாமல் உடலிலேயே தேக்கி வைத்திருந்தது. பாகற்காய்க்குக் கிடைத்த புகழெல்லாம் சிறுநீரகத்தின் தளர்ச்சிக்கு உரியதாயிற்று.

பல்லாண்டு நீரிழிவுடையவர்க்கு யாதொரு காரணமும் இன்றிச் சர்க்கரை குறையத் தொடங்கினால், ‘குணமாயிற்று’ என்று தேங்காய் உடைக்கும் முன்னர்ச் சிறுநீரகத்தைச் சோதித்துவிட வேண்டும். இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் ஆகிய இவ்விரண்டுமே போதும், பெருஞ்செலவன்று. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளால் வரும் தாழ்வு ஒரு முறை குளூக்கோஸ் கொடுத்ததோடு தீர்வதில்லை. மருந்து உடலில் உள்ளவரை திரும்பத் திரும்ப வரும். ஆகையால் நோயாளி எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார் என்பதற்காக உடனே வீட்டிற்கு அழைத்து வந்துவிடலாகாது. மெட்ஃபார்மின் சர்க்கரையை அவ்வாறு தாழ்த்துவதில்லை. ஆயினும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 45-க்குக் கீழ் வந்தால் அதன் அளவைக் குறைப்பதும், 30-க்குக் கீழ் வந்தால் நிறுத்திவிடுவதும் மருத்துவர் கைக்கொள்ளும் முறை.

மூன்று மாதச் சராசரி என்று சொல்லப்படும் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன. அக்காலத்தில் அவற்றின்மேல் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரையை அளப்பதே இச்சோதனை. அணுக்கள் தம் ஆயுளை முழுமையாக வாழ்ந்தால்தானே கணக்குச் சரியாகும்? பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய மலைமக்களிடையே அரிவாளணுச் சோகை என்னும் பரம்பரை இரத்தநோய் உண்டு. அந்நோயில் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து விரைவில் அழிகின்றன. அத்தகையோர்க்குச் சர்க்கரை மிகுந்திருந்தாலும் மூன்று மாதச் சோதனை குறைவாகவே காட்டும். இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் இதற்கு நேர்மாறு. அங்கே எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். தேயிலைக் கூடை சுமக்கும் நம் பெண்களுக்கு இரண்டாவது வகையே அதிகம் பொருந்தும். டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கும், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டோர்க்கும் இச்சோதனை சரியாக வாரா. விரல்நுனிச் சோதனை ஒன்று சொல்ல, மூன்று மாதச் சோதனை வேறொன்று சொன்னால், நோயாளியைப் பொய்யர் என்னாமல் முதலில் இரத்தத்தைப் பாருங்கள்.

மூச்சுநோய்க்கும் மூட்டுவலிக்கும் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பது பலர் அறிந்ததே. காலையில் அம்மாத்திரையை விழுங்கியவர்க்கு வெறுவயிற்றுச் சர்க்கரை ஏறக்குறையச் சரியாயிருக்க, பிற்பகலிலும் மாலையிலும் மட்டும் அது மலையேறும் என்பதைச் சிலரே அறிவர். காலையில் மட்டும் சோதிப்பவர்க்கு இது தென்படவே படாது. சந்தைகளில் ‘மூலிகை’ என்று விற்கும் பெயரற்ற பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சோதனைக்கூடங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. மூன்று நாளில் மூட்டுவலி பறந்து, நான்காம் நாள் சர்க்கரை 350 ஆனால் அப்பொடியின் யோக்கியதை விளங்கும். காசநோய், சளிக்காய்ச்சல், காலில் சீழ்ப்புண், அறியாமல் கிடக்கும் பல்சொத்தை இவையாவும் ஏற்றுவனவே. காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின், நீரிழிவு மாத்திரைகள் சிலவற்றின் வலிமையைக் குறைத்துவிடும். அம்மருந்து முடிந்ததும் பழைய அளவு மிகையாகிவிடும். தைராய்டும் ஏற்றம் இறக்கம் செய்யும். இரத்த அழுத்தத்திற்கும் இருதயத்திற்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் சர்க்கரை தாழும்பொழுது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை ஒன்றே மிஞ்சும். பாலக்காட்டுக் கோடையில் வியர்க்காதவர் யார்? ஆதலால் இம்மாத்திரை உண்போர் காரணமற்ற வியர்வையைக் கண்டதும் சோதித்துவிடுவது நன்று.

இரு மாநிலங்களில் கால் ஊன்றி வாழும் நமக்கே உரிய தொல்லை இனி வருவது. கோவிந்தாபுரத்துக்கு இப்பால் ஒரு டாக்டர்; பொள்ளாச்சியில் அண்ணன் வீட்டுக்குப் போனபொழுது பார்த்த டாக்டர் மற்றொருவர். குமுளியில் ஒரு மருந்துக்கடை. கம்பத்தில் ஒரு மருந்துக்கடை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின்படி நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கேரளத்திலும் அரசினர் சுகாதார நிலையங்களில் கிடைக்கின்றன. இரண்டும் நல்ல காரியங்களே. ஆயின் ஆறு மாதம் மகளோடு இங்கும், ஆறு மாதம் மகனோடு அங்குமாக வாழும் முதியவர், ஒரே மருந்தை வெவ்வேறு பெயருடைய இரண்டு அட்டைகளில் பெற்று இரண்டையும் விழுங்குகிறார். வெள்ளை மாத்திரை வேறு, பச்சை மாத்திரை வேறு என்றே அவர் எண்ணம். அட்டையின் மேற்புறம் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் உண்மைப் பெயர் அதன்கீழ்ப் பொடி எழுத்தில் இருக்கும். பள்ளிக்குச் செல்லும் பேரப்பிள்ளை ஒருவனை உட்கார வைத்து அதைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையிலும் இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்வோர் இதைவிடக் கவனமாயிருத்தல் வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் இரு செறிவுகளில் விற்கிறது. மலிவாகக் கிடைக்கும் சீசா பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டது. பேனாவில் இடும் குப்பியும் சில சீசாக்களும் 100 யூனிட் கொண்டவை. ஊசிக்குழல்களும் அவ்வாறே இரு வகை. 40-க்குரிய குழலின் மூடி சிவப்பு. 100-க்குரியதன் மூடி ஆரஞ்சு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிக் குழலில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உடலுக்குள் போவது 8 யூனிட்டே, சர்க்கரை ஏறும். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் அதே 20-க்கு இழுத்தால் போவது 50 யூனிட்! உயிருக்கே அபாயம். பேனா பழுதாயிற்று என்று குப்பியிலிருந்து வீட்டிலிருந்த குழலால் இழுத்துப் போடுவது இவ்வகையைச் சேர்ந்தது. கடைக்காரர் எதைத் தந்தாலும் சீசாவின் எண்ணையும் மூடியின் நிறத்தையும் நீங்களே பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஊசி குத்துவோர்க்கு அவ்விடம் கட்டியாகித் தடித்துவிடும். வலி தெரியாது என்று அங்கேயே குத்துவர். அங்கிருந்து மருந்து ஒருநாள் சேரும், ஒருநாள் சேராது. அடிவயிற்றைத் தடவிப் பார்த்தால் கைக்குத் தெரியும். இடத்தை மாற்றும் முதல் நாட்களில் மருந்து முழுவதும் சேருமாதலால், அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டே மாற்ற வேண்டும். வெப்பத்தில் இன்சுலின் வலுவிழக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், நீர் ஊற்றி நனைத்த மண்பானைக்குள் சீசாவை வைப்பது நல்ல உபாயம். மூணாறு, தேவிகுளம் போன்ற குளிர்ப் பிரதேசத்தாருக்கு வேறு விதமான கவலை. சோதனைக் கருவி எந்த வெப்ப எல்லைக்குள் சரியாக வேலை செய்யும் என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும். விடியற்குளிரில் அக்கருவியும் விரல்களும் சில்லிட்டிருந்தால் இரண்டையும் சற்றுச் சூடேற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். பலாச்சுளை உரித்த கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால் பழத்தின் சர்க்கரையே கணக்கில் ஏறும். கருவிகள் நூற்றுக்குப் பதினைந்து அளவு முன்பின் காட்டுவதைத் தரவிதிகளே அனுமதிக்கின்றன. 140-க்கும் 155-க்கும் வேறுபாடு தேடி மனம் வருந்துவது வீண்.

எண்களைப் பற்றிய பேராசையும் ஒரு தொல்லையே. “எல்லாருக்கும் நூறுக்குள் இருக்க வேண்டும்” என்று திண்ணையில் தீர்ப்புச் சொல்லுவோர் மிகுதி. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருதய அபாயம் மிகுந்த 10,251 நீரிழிவு நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூறாரின் சர்க்கரையை மிகக் கண்டிப்பாகவும், மற்றவர்க்கு மிதமாகவும் கட்டுப்படுத்திப் பார்த்தனர். கண்டிப்பான பிரிவில் 257 பேரும், மிதமான பிரிவில் 203 பேரும் இறந்தனர். ஆகவே 2008 பிப்ரவரியில் அக்கண்டிப்பை நிறுத்திவிட்டனர். கட்டுப்பாடு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. இளைஞனுக்கு ஏற்ற இலக்கு வேறு. எழுபது வயதில் இருதயமும் சிறுநீரகமும் தளர்ந்தவர்க்கு ஏற்ற இலக்கு வேறு. முதியோர்க்கு மூன்று மாதச் சராசரி 8-க்குள் இருந்தாலே போதும் என்று மருத்துவர் விட்டுக்கொடுப்பதும் உண்டு. “என் தாயாருக்கு எந்த எண் போதும்? எதற்குக் கீழே போகக்கூடாது?” என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்வது குடும்பத்தாரின் உரிமை.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்வது எப்படி? இங்குதான் குமாஸ்தாவின் தொழில் உதவுகிறது. ரயில் நிலையத்தில் ஒவ்வொரு வண்டியும் வந்த நேரம், புறப்பட்ட நேரம், தாமதத்தின் காரணம் மூன்றும் பதிவாகும். காரணம் எழுதாத தாமதத்தை மேலதிகாரி ஒப்புக்கொள்வதில்லை. பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றில் அவ்வாறே கோடு போட்டு, நாள், நேரம், சர்க்கரை எண், அதற்கு முன் உண்டது, மருந்து, இவற்றோடு ‘விசேஷம்’ என்று ஒரு பத்தியும் வையுங்கள். அந்தக் கடைசிப் பத்தியே உயிர்நாடி. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புது மாத்திரை, உறக்கமின்மை, இரவு வேலை, மாலையிட்ட விரதம், புதுநகரத்து இராவுத்தர் வீடுகளில் ரமலான் நோன்பு எல்லாம் அங்கே ஏற வேண்டும். நோன்பும் விரதமும் இருப்போர் ஒரு மாதம் முன்னரே டாக்டரைக் கண்டு மருந்தின் வேளையை மாற்றிக்கொள்வது அவசியம்.

நாள்தோறும் ஆறு முறை குத்திக்கொள்ளச் சொல்லவில்லை. கீற்றுகளின் விலை நாம் அறிவோம். வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாள் உணவுக்கு முன், மற்றொரு நாள் உணவுக்குப் பின் என்று மாற்றி மாற்றிப் பார்த்தாலும் இரண்டு மாதத்தில் ஓர் உருவம் தெரியும். காலைச் சர்க்கரை மட்டும் ஓயாமல் உயர்ந்திருந்தால், ஓர் இரவு 3 மணிக்கு எழுந்து பார்ப்பது பயன் தரும். அந்நேரம் சரியாயிருந்து விடியலில் ஏறினால், விடியுமுன் உடலே சுரக்கும் எதிர்ச்சுரப்புகளின் வேலை. அந்நேரம் தாழ்ந்திருந்தால் இரவு மருந்து மிகை. (இரவுப் பணி பார்க்கும் எங்களுக்கு 3 மணி பழகிய நேரம், மற்றவர்கள் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.)

சர்க்கரை 70-க்குக் கீழ் வந்தால் 15 கிராம் குளூக்கோஸ் பொடியை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் என்னும் மாத்திரை உண்போர்க்குச் சீனியும் மிட்டாயும் உடனே பலிப்பதில்லை. அம்மருந்து சீனி சீரணமாவதையே தடுப்பது. அவர்களுக்குக் குளூக்கோஸ் பொடியே வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது; புரையேறும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரி நாடிக் கோயமுத்தூருக்கோ, கோட்டயத்துக்கோ, காட்பாடியில் இறங்கி வேலூருக்கோ செல்லும் அன்பர்கள், இரு மாநிலத்துச் சீட்டுகளையும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சித்த மருந்துப் பொட்டலமாயினும் விடாமல், மேற்சொன்ன நோட்டோடு ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். இன்சுலினையும் குளூக்கோஸையும் இருக்கைக்கடியில் தள்ளும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அடுத்த நிலையத்தில் சாப்பாடு வரும் என்று நம்பி முன்னதாகவே ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். வண்டி எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை ரயில்வேயில் வேலை பார்க்கும் நானே உறுதியாகச் சொல்ல முடியாது. பொட்டலம் கைக்கு வந்து, அதைப் பிரித்துப் பார்த்த பின்னரே ஊசியை எடுங்கள்.